யாரும் விழாத ஏற்றம்

குன்வோர் தன்னை மெழுகுக் குடிசைக்குள் கூப்பிட்டபோதே ஓட்கைருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பயிற்சியாளர் குன்வோர் யாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறவர் அல்ல. திட்டுவதானாலும் தட்டிக்கொடுப்பதானாலும் தடத்தோரம் நின்று நாலு பேர் காதில் விழும்படிதான் சொல்வார்.

"உட்காருப்பா," என்றார்.

உட்கார இடமில்லை. பெஞ்சு முழுக்க, அடியில் மெழுகு தேய்ப்பதற்காகப் பனிச்சறுக்குக்கட்டைகள் மல்லாந்து கிடந்தன. அவன் நின்றான். குன்வோர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"காலையில உன் பின்னாடி யூருன் ஓடினது அஞ்சு கிலோமீட்டர். பதினாறு நிமிஷம், முப்பத்தொரு செகண்ட். மத்தியானம் ஹால்வர் பின்னாடி அதே தடம், அதே கட்டை. பதினஞ்சு நாப்பது."

"ஹால்வர் அவளுக்குப் புது ஆளு," என்றான் ஓட்கைர்.

"அதைத்தான் நானும் சொல்றேன். புது ஆளு. குரலே பழகாத ஆளு. காலையில ஓடிக் களைச்ச காலோட அவன் பின்னாடி போயிருக்கா. ஐம்பத்தொரு செகண்ட் வேகமா."

வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அக்டோபர் மாதம். மலையில் இன்னும் பனி விழவில்லை. போன குளிர்காலத்துப் பனியை மரத்தூள் போட்டு மூடிவைத்து, அதை இப்போது வாரி இறைத்து இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் காடு பழுப்பாகக் கிடந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் குன்வோர், கொஞ்சம் தணிந்த குரலில்.

"ம்."

"அவகிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"நீங்களே சொல்லிடுங்க."

"கோபமா?"

ஓட்கைர் யோசித்துப் பார்த்தான். கோபம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்ததில் கையில் எதுவும் அகப்படவில்லை. "இல்லீங்க," என்றான். பிறகு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, காலையில் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ரொட்டியைப் பிரித்தான். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த இரண்டு துண்டு. இரண்டையும் தின்றான். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

ஓட்கைர் பால் வண்டி ஓட்டுகிறவன். க்லோமா ஆற்றின் மேல்பக்கத்துப் பண்ணைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் எடுத்துத் தொழிற்சாலையில் சேர்ப்பது வேலை. வயது நாற்பத்திரண்டு. மனைவி ஒன்பது வருடத்துக்கு முன்பே பிரிந்து ட்ரோண்ட்ஹெய்முக்குப் போய்விட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரையும்போல அவனும் நடக்கத் தெரிந்த மறு வருடமே சறுக்கத் தெரிந்தவன்தான். ஊர்ப் போட்டிகளில் ஜெயித்தான். மாவட்ட அணிக்குப் போனான். அங்கே போனதும்தான் தெரிந்தது, மாவட்டம் மாவட்டமாக இவனைப்போல ஆள் இருக்கிறார்கள் என்று. இருபத்தொரு வயதில் தேசியப் போட்டியில் ஓடி அறுபத்தேழாவதாக வந்தான். நிறுத்திக்கொண்டான். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பனிச்சறுக்கே மூச்சான அந்த நாட்டில் அறுபத்தேழாவதாக வருகிறவன் வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் தபால்தலையில் இருந்திருப்பான் என்று அவன் அப்பா சொல்லுவார்.

யூருன் அவன் வாழ்க்கையில் வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். பால் குழாயை இழுத்து இழுத்து அவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. நகராட்சிச் சுகாதார நிலையத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், தோளைத் தொட்டால் போதும், எந்த நரம்பு என்று சொல்லிவிடுவாள் என்றார்கள். போனான். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறவியில் இல்லை, இருபத்திரண்டு வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோன கண்.

"நீ சறுக்கறவனா?" என்று கேட்டாள், தோளை அமுக்கிக்கொண்டே.

"இங்க யாரு சறுக்கல?"

"நான். நான் பெர்கன்காரி."

"அப்ப குடை பிடிக்கத் தெரியும்."

"குடை நல்லா பிடிப்பேன். சறுக்கக் கத்துக்கணும். முன்னாடி போய்ப் பேசிக்கிட்டே போக ஓர் ஆள் வேணும். நீ ரொம்பப் பேசற. வர்றியா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள் பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில். பெர்கனில் மழையைத் தவிர ஒன்றும் பெய்வதில்லை. அவள் கட்டையில் நிற்கவே தெரியாதவள். நின்ற இடத்திலேயே பத்தொன்பது தடவை விழுந்தாள். அவனே எண்ணினான். ஐந்து வயதுக் குழந்தைகள் பக்கத்தில் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று நின்று, "இந்த அம்மா ஏன் இப்படி விழறாங்க?" என்று கேட்டது. "பயிற்சி பண்றேன், விழறதுக்கு," என்றாள் யூருன்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஏரியைச் சுற்றி வந்தாள். இரண்டாவது வருடம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு மலைக்குடிசை வரை போய், ஆரஞ்சு தின்று, இறங்கி வந்தாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆயுசுக்கும் அந்த அளவில்தான் நின்றுவிடுவார்கள். அவள் நிற்கவில்லை. மூன்றாவது வருடம் ஊர்ச் சறுக்குச் சங்கத்தின் செவ்வாய்க்கிழமைப் பந்தயத்தில் எண் கட்டிக்கொண்டு ஓடினாள். நான்காவது வருடம் பார்வையற்றோருக்கான தேசியப் போட்டி. அப்போதுதான் குன்வோர் அவளைப் பார்த்து, யார் இது, எங்கிருந்து வந்தாள் என்று கேட்டார். ஆறாவது வருடம் உலகக் கோப்பை. அவள் ஏறிய ஒவ்வொரு படியிலும் ஓட்கைர் மூன்று மீட்டர் முன்னால் இருந்தான், இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே. இடது வளைவு, நீளம். இறக்கம், முழங்கால் மடக்கு. தடம் உறைஞ்சிருக்கு. வலது பக்கம் கொட்டகை மேல ஒரு காக்கா உன்னையே பார்க்குது.

இந்த வேலையில் ஒரு கணக்கு உண்டு. பின்னால் வருகிறவளைவிட முன்னால் போகிறவன் ஒரு படி மேலே இருந்தாக வேண்டும். அவள் ஓடினால் போதும். அவன் ஓடவும் வேண்டும், ஓடிக்கொண்டே பேசவும் வேண்டும். மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். முதல் ஐந்து வருடம் அவனுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. ஆறாவது வருடம் காக்காயைப் பற்றிச் சொல்வது நின்றது. ஏழாவது வருடம் "இடது வளைவு, நீளம்" என்பது "இடது" ஆயிற்று. அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். அவன் தேய்ந்துகொண்டிருந்தான். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு போன மார்ச் மாதம்.

உலகப் போட்டி, ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஓர் ஊரில். பத்து கிலோமீட்டர். கடைசிச் சுற்றில் ஒரு நீள ஏற்றம். அதன் தலையை எட்டிவிட்டால் அப்புறம் இறக்கம்தான், முடிவுக்கோடுதான். ஏற்றத்தின் பாதியில் ஓட்கைருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொடை கல்லாகிவிட்டது. பின்னால் யூருனின் கோல் ஊன்றும் சத்தம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அவள் கட்டையின் முனை இவன் கட்டையின் வாலை மிதிக்கும். அப்போது அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மெதுவா. முன்னாடி ஒருத்தி விழுந்துட்டா. மெதுவா, மெதுவா."

அவள் வேகத்தைக் குறைத்தாள். பத்து எட்டு, பன்னிரண்டு எட்டு. அவன் மூச்சு வாங்கினான். "சரி, தாண்டிட்டோம். வா," என்றான்.

தடத்தில் யாரும் விழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் தடம்தான் கிடந்தது.

யூருன் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த ஜெர்மன்காரிக்கும் அவளுக்கும் நாலு செகண்ட்.

அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் இல்லை. மறுநாள் விமானத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் வந்த சாப்பாடு என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தட்டைக் கடிகாரமாக வைத்து, கோழி மணி எட்டில், உருளைக்கிழங்கு மணி மூன்றில். அவளும் சாப்பிட்டாள். அன்றைக்கு அவனுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிற்று. பல் டாக்டர் ஊசி போட்ட தாடையைப்போல. தொட்டால் தொட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அக்டோபரில், மெழுகுக் குடிசையில் குன்வோர் பேசியதற்கு மறுநாள் யூருன் போன் பண்ணினாள்.

"குன்வோர் சொன்னாங்க," என்றாள்.

"ம்."

"நீ என்ன சொல்ற?"

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அவள் அறையில் பேசும் கடிகாரம் மணி சொல்வது கேட்டது.

"அப்ப சரி," என்றாள்.

நவம்பரில் பனி விழுந்தது. டிசம்பரில் ஆறு உறைந்தது. ஓட்கைர் பால் எடுத்தான். அவன் கட்டைகள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றன. எட்டு வருடமாக வாரத்தில் ஆறு நாள் ஓடின உடம்பு. சும்மா இருந்தால் தவிக்கும் என்று நினைத்தான். தவிக்கவில்லை. வேலை முடிந்து வந்து, உருளைக்கிழங்கு அவித்து, தின்று, தொலைக்காட்சியில் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன பார்த்தாய் என்று மறுநாள் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரியில் உலகக் கோப்பை பின்லாந்தில் நடந்தது. அவன் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. அந்த நேரத்தில் போர்கில் பண்ணையில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். போர்கில் அறுபது தாண்டிய விதவை, இருபத்தெட்டு மாடு, வாய்க்குப் பூட்டு கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"என்னப்பா ஓட்கைர், நம்ம பெர்கன்காரிக்கு முன்னாடி வேற எவனோ ஓடறான்?"

"ஆமா."

"உன்னை விரட்டிட்டாங்களா?"

"ஆமா."

"அவன் காலு என்ன இவ்வளவு நீளம்? நாரை மாதிரி இருக்கான்." அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தலையை நீட்டினாள். "ரெண்டாவது வந்திருக்கா. ரெண்டாவதுப்பா. உள்ள வந்து பாரேன், காப்பி இருக்கு."

"பாலு ஓடிக்கிட்டிருக்கு."

"பாலு எங்கயும் ஓடிடாது. உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கணும்," என்றான் ஓட்கைர். அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. போர்கில் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு புதன்கிழமை. பனிப்புயலில் மலைப்பாதை அடைத்துப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு யூருன் கூப்பிட்டாள். இத்தாலியிலிருந்து வந்து ரயில் நிலையத்தில் நிற்கிறாள். டாக்சி ஒன்றுகூட இல்லை.

"நீ இந்தப் பக்கம் வருவியா இன்னைக்கு?"

"இன்னைக்குப் பால் எடுக்கற நாள். வருவேன்."

"பால் வண்டியில ஆள் ஏத்தலாமா?"

"ஏத்தக் கூடாது."

"எத்தனை மணிக்கு வர்ற?"

"ஒண்ணரை."

அவள் நிலைய வாசலில் கட்டைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே திரும்பினாள். அவன் இறங்கிப் போய், அவள் கையை எடுத்துப் படியின் கைப்பிடியில் வைத்தான். "மூணு படி. மேல் படி வழுக்கும்," என்றான். அக்டோபருக்குப் பிறகு அவளுக்கு அவன் சொன்ன முதல் வழி அது.

வண்டி கிளம்பியது. துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆற்றுப் பாலத்தருகே ஓட்கைர், "வலது," என்றான்.

"நான் ஓட்டல. நீதான் ஓட்டற," என்றாள் யூருன்.

"பழக்கம்."

அவள் லேசாகச் சிரித்தாள். "ஹால்வரும் அப்படித்தான் சொல்லுவான். இடது. வலது. இறக்கம். அவ்வளவுதான். நாலு மாசத்துல அவன் என்கிட்ட பேசினது ஒரு தபால் அட்டையில எழுதிடலாம்."

"வேகமா இருக்கானா?"

"பயமா இருக்கு, அவ்வளவு வேகம். அவனுக்கு மூச்சே வாங்கல. நான் செத்துக்கிட்டு இருப்பேன், அவன் மூக்கு உறிஞ்சற சத்தம்தான் வரும்."

"நல்லது."

"நல்லதுதான்."

பாதை காட்டுக்குள் போயிற்று. முன்னால் பனி அள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்கைர் அதற்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தான். கண்ணை விளக்கிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்:

"மார்ச்ல, அந்தக் கடைசி ஏத்தத்துல யாரும் விழல."

"தெரியும்," என்றாள் யூருன்.

பனி வண்டிக்குப் பின்னாலேயே அவன் ஒரு வளைவைத் திருப்பினான். "எப்பத்திலிருந்து தெரியும்?"

"அப்பவே தெரியும். ஏத்தத்துல ஒருத்தி விழுந்தா சத்தம் வரும்ல. கட்டை கட்டையோட இடிக்கும். மூச்சு முட்டுவா. கெட்ட வார்த்தை வரும். நாம அவளைத் தாண்டும்போது அவ வேர்வை வாடை அடிக்கும். அங்க ஒண்ணுமே இல்ல. உன் மூச்சு மட்டும்தான் இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப. அப்புறம் நான் எந்த வளைவுல உன்னை நம்பறது?"

உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் ஏதாவது இளகும் என்று ஓட்கைர் பதினோரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லியாயிற்று. ஒன்றும் இளகவில்லை. ஸ்டீரிங் கைக்குள் சூடாக இருந்தது. கால் பிரேக்கில் இருந்தது.

"நானும் ஒழுங்கில்ல," என்றாள் யூருன். "ரெண்டு வருஷமா மெதுவாத்தான் வந்தேன். உன் மூச்சு கேக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி கோல் ஊனுவேன். குன்வோர் வேற ஆளைப் போட்டுப் பாக்கலாமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வேண்டாம்னேன். நீ வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். 'யூருன், என்னால முடியல'ன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"சொன்னா என்ன செய்யறதுன்னு தெரியல. எட்டு வருஷம் உன் முன்னாடிதான் ஓடினேன். தனியா ஓடினா எனக்கு எவ்வளவு வேகம்னே மறந்துபோச்சு."

யூருன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா இப்ப?"

"வேண்டாம்."

"நல்லது. ஏன்னா இன்னும் மன்னிக்கல. நாலு செகண்ட் அது. என்னோடது."

"ஆமா."

"ஆனா உன் வண்டியில ஏறினேன்."

"ஆமா."

அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். படி எத்தனை என்று சொன்னான். வாசலில் பனி முழங்கால் அளவு இருந்தது; மண்வெட்டியை எடுத்து ஒரு வழி வெட்டிவிட்டுக் கிளம்பினான். அன்றைக்குத் தொழிற்சாலைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனான். ஏன் என்று கேட்டதற்குப் பனி என்றான். அதுவும் பாதிப் பொய்தான் என்பது படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் மூன்று பள்ளத்தாக்கு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போன் பண்ணினான். ஏன் பண்ணினான் என்றால், அதற்கு அவனிடம் பெரிய காரணம் இல்லை. வருடா வருடம் மார்ச் கடைசியில் நடக்கிற சறுக்கு ஓட்டம். ஐம்பத்துநாலு கிலோமீட்டர். ஆறாயிரம் பேர். எல்லோரையும் ஒன்றாக அவிழ்த்துவிட முடியாது என்பதால் பன்னிரண்டு கூட்டமாகப் பிரித்திருப்பார்கள்: முதல் கூட்டத்தில் தொலைக்காட்சியில் வருகிறவர்கள், கடைசிக் கூட்டத்தில் போன வருடம் கட்டை வாங்கினவர்கள்.

போனில் ஒரு பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பேர்ல கடைசி அஞ்சு வருஷத்துல ஒரு ஓட்டம்கூட இல்லையே."

"உலகக் கோப்பையில ஓடியிருக்கேன். போன வருஷம் உலகப் போட்டி."

"அப்படியா, ஒரு நிமிஷம்." தட்டும் சத்தம். "அதுல யூருன்னு ஒரு அம்மா பேரு இருக்கு. நேரம் எல்லாம் அவங்க பேர்லதான் ஏறியிருக்கு."

"நான் அவங்களுக்கு முன்னாடி போனவன்."

"முன்னாடியா?" அவள் குழம்பினாள். "முன்னாடி போனா நீங்க ஜெயிச்சிருக்கணுமே ஐயா."

ஓட்கைர் விளக்கப் பார்த்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதிப்படி வழிகாட்டியின் நேரம் கணக்கில் வராது, நேரம் இல்லாதவர்களுக்குப் பன்னிரண்டாவது கூட்டம்தான், ரொம்ப மன்னிக்கணும் என்றாள்.

"பரவால்ல," என்றான்.

பன்னிரண்டாவது கூட்டம் ஒன்பதரை மணிக்குக் கிளம்பியது. முதல் கூட்டம் ஏழரைக்கே போய்விட்டது. இவர்கள் நிற்கும்போதே அவர்கள் முடிவுக்கோட்டை நெருங்கிவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்ல வெயில். பூஜ்யத்துக்குக் கீழே நாலு. சுற்றிலும் புதுச் சட்டைகள், சாப்பாட்டு மூட்டைகள். ஒரு வங்கிக் கிளைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிவப்புக் குல்லாய் போட்டு வந்திருந்தார்கள். அவனுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. மனைவி கட்டையை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐம்பதாவது பொறந்தநாளுக்கு ஒருத்தன் பாரிஸ் கூட்டிட்டுப் போவான். இது என்ன பரிசு?"

"நீதானே கேட்ட, ஏதாவது மறக்க முடியாததா வேணும்னு."

"பிரசவமும்தான் மறக்கல."

துப்பாக்கி வெடித்தது. கூட்டம் நகர்ந்தது. இருநூறு மீட்டரில் முதல் மேடு. அதிலேயே பத்துப் பதினைந்து பேர் சீட்டுக்கட்டு சரிந்தாற்போல ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஓட்கைர் ஓரமாக விலகி ஏறினான். இரண்டாவது கிலோமீட்டரில் ஓர் இறக்கம். அந்த மனைவி அதன் தலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வரமாட்டேன், இங்கேயே இருக்கிறேன், வெயில் காலத்தில் வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள். கணவன் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஓட்கைர் அவர்களைத் தாண்டிப் போனான்.

பதினோராவது கூட்டத்தைப் பிடித்தான். பிறகு பத்தாவது. எட்டுக் கிலோமீட்டர், பன்னிரண்டு, இருபது. தடம் நன்றாக ஓடியது. முன்னால் போகிறவர்களின் முதுகு வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவில் பின்னாலிருந்து ஒரு தாடிக்காரன் கேட்டான்:

"யார்கிட்டப்பா பேசற?"

அப்போதுதான் தான் பேசிக்கொண்டிருந்தது ஓட்கைருக்கே தெரிந்தது.

"யார்கிட்டயும் இல்ல."

"இடது வளைவுன்னு சொன்னியே. சரியாத்தான் சொன்ன. சொல்லிக்கிட்டே போ, என் கண்ணாடி முழுக்க ஆவி."

தாடிக்காரன் அவன் பின்னாலேயே ஆறு கிலோமீட்டர் வந்தான். ஓட்கைர் அதற்கப்புறம் வளைவு எதையும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடுவது கஷ்டமாக இருந்தது. நாக்குக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் நீள ஏற்றம் வந்தது. அங்கே தொடை கனத்தது. அக்டோபரிலிருந்து சும்மா கிடந்த உடம்பு. தாடிக்காரன் தாண்டிப் போனான், "நன்றி," என்று கோலைத் தூக்கிக் காட்டிவிட்டு. இன்னும் நாலைந்து பேர் தாண்டினார்கள். மெதுவாகப் போனான். பின்னால் யாரும் கட்டையை மிதிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்று மூச்சு வாங்கினான். ஒரு தொண்டர் காகிதக் கோப்பையில் சூடாக அவுரிநெல்லிச் சாறு கொடுத்தார். குடித்தான். இனித்தது.

அதற்கு மேல் அவனைச் சுற்றி ஓடினவர்கள் மாறவில்லை. அவனும் புதிதாக யாரையும் தாண்டவில்லை, அவனையும் புதிதாக யாரும் தாண்டவில்லை. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி, முன்னால் இரண்டு சகோதரர்கள், பக்கத்தில் இருமிக்கொண்டே வருகிற ஒரு கிழவர். கடைசி இருபது கிலோமீட்டரும் அந்த நால்வரோடுதான். இறக்கத்தில் கிழவர் முந்துவார், ஏற்றத்தில் ஓட்கைர் பிடிப்பான்.

நாலு மணி முப்பத்தாறு நிமிடம். மேசையில் இருந்த பெண் சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள். ஆறாயிரத்துச் சொச்சத்தில் இரண்டாயிரத்து நானூற்றுப் பதிமூன்றாவது.

"அடுத்த வருஷம் உங்களுக்கு ஏழாவது கூட்டம்," என்றாள். "பன்னிரண்டிலிருந்து ஏழு. பெரிய ஏற்றம்தான்."

"ஆமாங்க," என்றான்.

சீட்டில் அவன் பெயர் மட்டும் இருந்தது. மடித்து உள்பையில் வைத்தான். துணி மாற்றிக்கொண்டு, சூப் வாங்கி, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியருகே நின்று குடித்தான். யூருனுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தான். அவள் ஹால்வரோடு மலையில் பயிற்சி முகாமில் இருப்பாள். நேரத்தை மட்டும் எழுதி அனுப்பினான். அவளுடைய போன் அதை வாசித்துக் காட்டும். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மோசமில்ல. தொடையை நீட்டி விடு. இல்லன்னா நாளைக்கு வண்டியில ஏற முடியாது." நீட்டி விட்டான்.

பேருந்துகள் கிளம்பத் தொடங்கின. அவனுக்கு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் போகவில்லை. சூப் கடைக்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக் குளிர் ஏறியது. ஒலிபெருக்கிக்காரர் குரல் கம்மி, வருகிறவர்களின் பெயரை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். சிவப்புக் குல்லாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஓட்கைர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

தடத்தை மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, இறக்கத்தின் தலையில் உட்கார்ந்துவிட்ட அந்த மனைவி வந்தாள். முகம் முழுக்க உப்பும் பனியும். இருபது மீட்டர் பின்னால் கணவன் ஒடிந்த கோல் ஒன்றோடு நொண்டிக்கொண்டே வந்தான். அவள் கோட்டைத் தாண்டி, நின்று, திரும்பி, "சீக்கிரம் வாயா, கதவைச் சாத்தப் போறாங்க," என்றாள்.

ஓட்கைர் கை தட்டினான். அந்தக் குளிரில் அங்கே கை தட்டியது அவனும் இரண்டு தொண்டர்களும்தான். அவள் யாரென்று அடையாளம் தெரியாமல் இவனைப் பார்த்துத் தலையசைத்தாள். கணவன் வந்து சேர்ந்ததும் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கட்டையைக் கழற்றினார்கள். அவர்கள் கடைசிப் பேருந்துப் பக்கம் நடந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓட்கைர் தன் காரைத் தேடிப் போனான்.